லாலாஜி பே கடற்கரை: காட்டு வழியே நடந்து போனவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

காட்பாடிக்காரன்

அனைவருக்கும் வணக்கம். தை மாதத்தில் அந்தமான் போவதென்று வீட்டில் முடிவாகியிருக்கிறது. நான், மனைவி, ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகள். ஹேவ்லாக், நீல் தீவுகளுக்கு வழி சொல்ல எத்தனையோ பேர் இருக்கிறார்கள். நான் கேட்பது வேறு இடம். நடு அந்தமானை ஒட்டி லாங் ஐலண்ட் என்றொரு சிறு தீவு. அதில் லாலாஜி பே என்ற கடற்கரைக்குச் சாலையே கிடையாது. காட்டுக்குள் நடக்க வேண்டும், அல்லது சிறு படகில் சுற்றிக்கொண்டு போக வேண்டும். மகள் வரைபடத்தில் அந்த இடத்தில் விரலை வைத்து, "போனால் இங்கேதான்" என்று சொல்லிவிட்டாள்.

சென்னையில் ஒரு பயண நிறுவனத்தில் விசாரித்தேன். "அங்கே ஒன்றும் இல்லையே சார், எங்கள் திட்டத்தில் வராது" என்றார்கள். கடையும் கூட்டமும் இல்லாத கடலைப் பார்க்கத்தானே இவ்வளவு தூரம் போகிறோம்! கப்பலில் போகலாமா, விமானமா? காட்டு வழி மகளுக்கும் மனைவிக்கும் சரிப்படுமா? எங்கே தங்குவது? போய் வந்தவர்கள் விவரமாக எழுதினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

தோட்டப்பாளையம் விடுதி

தம்பி, நான் போயிருக்கிறேன். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

எங்கள் விடுதி வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துத் தெருவில் இருக்கிறது. அந்தத் தெருக்களில் வங்காளத்திலும் பெயர்ப் பலகை இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். சிகிச்சைக்காக வந்து மாதக்கணக்கில் எங்களிடம் தங்கிய லாங் ஐலண்ட் குடும்பம் ஒன்று, போகும்போது உறவுக்காரர்களாகத்தான் போனார்கள். அவர்கள் விடாமல் அழைத்ததால் கிளம்பினேன்.

முதலில் பயணம். வேலூர் கன்டோன்மென்ட்டிலிருந்து சென்னை கடற்கரை வரை ரயில் இருக்கிறது. இறங்கினால் ராஜாஜி சாலை, எதிரே துறைமுகம். கப்பலில் போர்ட் பிளேர் சுமார் 1,190 கிலோமீட்டர், ஏறக்குறைய மூன்று நாள். 2024-ல் அந்த ஊருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். டிக்கெட் எடுக்கும்போது குழம்ப வேண்டாம். கப்பல் மாதத்துக்குச் சில முறைதான் புறப்படும், தேதியும் தள்ளிப் போகும். பள்ளிப் பிள்ளையை வைத்துக்கொண்டு கப்பலை நம்பாதீர்கள். விமானத்தில் இரண்டு மணி நேரம் சொச்சம்.

அங்கிருந்து லாங் ஐலண்டுக்கு இரண்டு வழி. ஃபீனிக்ஸ் பே படகுத்துறையில் அரசுக் கப்பல் ஏறலாம், தினமும் கிடையாது. இன்னொன்று, பஸ்ஸில் ரங்கத் போய், பக்கத்திலுள்ள எர்ரட்டா துறையில் படகு பிடிப்பது. அலையாத்திக் காடுகளை ஒட்டி சுமார் ஒரு மணி நேரம். ரங்கத் கடைவீதியில் தமிழிலேயே பேசி எல்லாம் வாங்கிவிடலாம்.

லாங் ஐலண்டில் கார் கிடையாது. துறையிலிருந்து சிமென்ட் நடைபாதை, இருபுறமும் வீடுகள், தென்னை, பாக்கு. தங்குவதற்கு எளிய அறைகள் உண்டு; ஏசி, நீச்சல் குளம் என்று எதிர்பார்க்கக் கூடாது. துறைக்குப் பக்கத்தில் வனத்துறை அலுவலகம் இருக்கிறது. லாலாஜி பே போக அங்கே அனுமதி வாங்க வேண்டும். "யார் பார்க்கப்போகிறார்கள்" என்று வாங்காமல் போவது தவறு. நீங்கள் திரும்பி வராவிட்டால் தேட வருபவர்கள் அவர்கள்தான்.

இனிக் காட்டு வழி. வேகத்தைப் பொறுத்து ஒன்றரை மணி முதல் இரண்டு மணி நேரம். அமிர்தி அருவிக்கு நடப்பதைப் போல எண்ணிவிடாதீர்கள். நம் காட்டில் வெயில் இலைக்குள் இறங்கும், தரை காய்ந்திருக்கும். அங்கே தலைக்கு மேல் மரங்கள் கூடிவிடுவதால் தரை எப்போதும் ஈரம். வேர்கள் பாதையின் குறுக்கே முழங்கால் உயரத்துக்குப் புடைத்துக்கொண்டு நிற்கும், அவற்றின் மேல் பாசி. காலை வைக்கும்போது வேரின் மேல் வைக்காதீர்கள், வேருக்கும் வேருக்கும் நடுவில் வையுங்கள். இது எனக்கு அந்த வீட்டுப் பெரியவர் சொல்லிக்கொடுத்தது. அவர் வெறுங்காலோடு முன்னால் போய்க்கொண்டே, திரும்பிப் பார்க்காமலே சொல்வார். மழை பெய்திருந்தால் அட்டை உண்டு. உப்பும் சுண்ணாம்பும் ஒரு துணியில் முடிந்து வைத்துக்கொண்டால் போதும்.

காடு முடிவதற்கு வெகு முன்பே அலையோசை கேட்டுவிடும். ஆனாலும் கடல் கண்ணில் படாது. நடக்க நடக்க ஓசை மட்டும் பெருகிக்கொண்டே வரும். பிறகு தாழம்புதருக்கு நடுவே குனிந்து நுழைந்தால் நேராக வெள்ளை மணல். முதலில் மணலே நகர்வதுபோல் தோன்றியது. உற்றுப் பார்த்தால் எல்லாம் துறவி நண்டுகள். சுண்டுவிரல் நகம் அளவுள்ளதிலிருந்து எலுமிச்சம்பழம் அளவுள்ளது வரை, ஒவ்வொன்றும் ஒரு சிப்பி வீட்டைத் தூக்கிக்கொண்டு, நம் நிழல் விழுந்ததும் ஒரே நேரத்தில் உள்ளே இழுத்துக்கொண்டன. அப்படியே அசையாமல் நின்றோம். சிறிது நேரத்தில் ஒரு கால், பிறகு இரண்டு கண் என்று ஒவ்வொன்றாக வெளியே வந்து நடையைத் தொடர்ந்தன. உங்கள் மகளுக்கு வேறு எதுவும் காட்ட வேண்டாம், இது போதும்.

கம்மவான்பேட்டை ஹவில்தார்

விடுதி ஐயா சொன்ன எல்லாமே சரி. படையில் இருந்தபோது அந்தத் தீவுகளில் பணி செய்தவன் என்ற முறையில் இரண்டு விஷயத்தை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

ஒன்று, பொழுது. அந்தமான் நமக்கு வெகு கிழக்கே இருக்கிறது, கடிகாரம் மட்டும் ஒன்றுதான். தை மாதத்தில் வேலூரில் சூரியன் மறைய ஆறு மணி தாண்டும். அங்கே ஐந்தேகாலுக்கே மறைந்துவிடும். காட்டுக்குள் அதற்கும் முன்பே இருட்டிவிடும். நம் ஊர் வழக்கப்படி "நான்கு மணிக்குக் கிளம்பினால் போதும்" என்று உட்கார்ந்திருந்தால் பாதி வழியில் கண் தெரியாமல் நிற்பீர்கள். காலை ஐந்தேமுக்காலுக்கு விடிந்துவிடுகிறது. ஆறரைக்கு நடையைத் தொடங்குங்கள், பிற்பகல் இரண்டு மணிக்கு மணலை விட்டு எழுந்துவிடுங்கள். டார்ச் விளக்கு ஆளுக்கொன்று.

இரண்டு, ஓதம். அங்கே ஒரு நாளில் இரண்டு முறை கடல் ஏறும், இரண்டு முறை இறங்கும். அந்த நேரம் தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றமும் மிகுதி, இறக்கமும் மிகுதி. ஓடைகளைக் கடக்கும் இடத்தில் போகும்போது கணுக்கால் தண்ணீர் இருந்தால், திரும்பும்போதும் அப்படியே இருக்கும் என்று நினைக்காதீர்கள். முந்தைய நாள் மாலையே படகுத்துறையில் மீனவர்களிடம் ஓத நேரத்தைக் கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவதாக ஒன்றும் உண்டு. ஓடை முகத்துவாரத்திலும் அலையாத்தி ஓரத்திலும் குளிக்காதீர்கள். உவர்நீர் முதலை அந்தத் தீவுகளில் இருக்கிறது. 2010-ல் ஹேவ்லாக்கில், ராதாநகர் கடற்கரைக்குப் பக்கத்தில், நீந்திக்கொண்டிருந்த வெளிநாட்டுப் பெண் ஒருவர் முதலையால் உயிரிழந்தார். அது ஆளில்லாத இடம்கூட அல்ல. நம் மாவட்டத்தில் முதுகில் சுரைக்குடுக்கை கட்டி விவசாயக் கிணற்றில் நீச்சல் பழகியவர்கள் நாம். கிணற்றுத் தண்ணீர் நம்மை எங்கும் இழுத்துக்கொண்டு போகாது. கடல் இழுக்கும். மார்பளவுக்கு மேல் போகவே வேண்டாம்.

ஆம்பூர் செவிலி

மருத்துவப் பக்கம் என்னிடமிருந்து. அங்கே முதலுதவிக்கு மேல் எதுவும் தேவைப்பட்டால் படகேறி ரங்கத்துக்கோ, அதற்கும் மேல் போர்ட் பிளேருக்கோதான் போக வேண்டும். ஆகவே வீட்டில் யாருக்காவது சர்க்கரை, ரத்த அழுத்தம், ஆஸ்துமா இருந்தால் மாத்திரையை இரண்டு மடங்காக எடுத்து, இரண்டு பைகளில் பிரித்து வையுங்கள். ஒரு பை நனைந்தாலும் மற்றது இருக்கும். உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலம், கட்டுத்துணி, கிருமிநாசினி கட்டாயம்.

மணல் ஈ என்று ஒன்று கடிக்கும். கண்ணுக்கே தெரியாது, கொசுவைவிட அரிப்பு அதிகம், சொறிந்தால் புண்ணாகிவிடும். முழங்கை வரை, கணுக்கால் வரை துணி இருக்கட்டும். ஈரத் துண்டை விரித்து மணலில் படுக்க வேண்டாம். தண்ணீருக்குள் ரப்பர் செருப்போ பழைய கான்வாஸ் ஷூவோ போட்டுக்கொள்ளுங்கள். பவளத்தில் கீறிய காயம் எளிதில் ஆறாது, உடனே நல்ல தண்ணீரில் தேய்த்துக் கழுவ வேண்டும். ஒரு ஆளுக்கு மூன்று லிட்டர் குடிநீராவது சுமந்து போங்கள்.

குடியாத்தம் ஆசிரியை

ரங்கத் வழியாகப் பஸ்ஸில் போவதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அந்தமான் நெடுஞ்சாலை ஜிர்காடாங் சோதனைச் சாவடியைத் தாண்டியதும் ஜாரவா பழங்குடி மக்களின் காப்புக் காட்டுக்குள் போகிறது. வாகனங்களை வரிசையாகச் சேர்த்துக் காவலோடுதான் அனுப்புகிறார்கள். நிற்கக் கூடாது, படம் எடுக்கக் கூடாது, எதையும் கொடுக்கக் கூடாது. மீறினால் தண்டனை உண்டு. அந்தப் பகுதியில் இந்தச் சாலையை மூடவேண்டும் என்று 2002-லேயே உச்ச நீதிமன்றம் சொன்னது. இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

அண்ணா, உங்கள் தேதிக்குக் கப்பல் கிடைத்தால் கப்பலிலேயே லாங் ஐலண்ட் போய்விடுங்கள். ஒரு சமூகத்தின் வீட்டு முற்றத்தைக் கிழித்துக்கொண்டு நாம் கடற்கரை பார்க்கப் போகவேண்டியதில்லை. பஸ்தான் வழி என்று ஆகிவிட்டால், அந்தப் பகுதியில் ஏன் கைப்பேசியைப் பைக்குள் வைக்கிறோம் என்பதை முன்னாலேயே மகளிடம் சொல்லுங்கள். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு நன்றாகவே புரியும்.

கிளிஞ்சல், பவளத் துண்டு எதையும் எடுத்துவர வேண்டாம். பவளம் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது, விமான நிலையத்தில் பையைச் சோதிப்பார்கள். மேலே படித்த துறவி நண்டுக்கு அந்தச் சிப்பிதான் வீடு.

வாலாஜா மகன்

எல்லோரும் எழுதுவதைப் படித்தபோது எனக்கு ஒரு வருத்தம் எழுந்தது, மறைக்காமல் சொல்கிறேன். என் அம்மாவுக்கு மூட்டுவலி. வாழ்நாள் முழுவதும் தறியில் உட்கார்ந்தவர், கடல் என்றால் அவருக்கு மெரினா ஒன்றுதான். இரண்டு மணி நேரம் வேரில் கால் வைத்து நடப்பவர்களுக்கு மட்டும்தான் நல்ல கடற்கரை என்றால், அது என்ன நியாயம்? ஒரு நல்ல சாலையும் ஓய்வெடுக்க நாலு அறையும் போட்டால் முதியவர்களும் போகலாமே. தீவு மக்களுக்கும் பிழைப்பு. அங்கே 220 அறைகளோடு ஒரு சுற்றுலா விடுதி வரப்போவதாகப் படித்தேன். நான் அதை வரவேற்கிறேன்.

பாலாற்றங்கரை

தம்பி, உங்கள் அம்மாவை முன்வைத்து எழுதியதால் உங்கள் மேல் எனக்கு மரியாதை கூடுகிறது. ஆனால் அந்த 220 அறையை நான் எதிர்க்கிறேன். ஏன் என்று சொல்கிறேன்.

2017-ல் மத்திய அரசு தீவு மேம்பாட்டு முகமையை அமைத்தது. லாங் ஐலண்ட், ஸ்மித், ரோஸ், ஏவிஸ், லிட்டில் அந்தமான் ஆகியவை முதல் கட்டத்தில் தேர்வாயின. அதில் வந்ததுதான் லாலாஜி பே விடுதித் திட்டம். 220 அறை என்றால் விருந்தினரும் வேலையாட்களுமாகப் பல நூறு பேர். அத்தனை பேருக்கும் குளிக்கத் தண்ணீர், மின்சாரம், படகுத்துறை, கழிவு போக வழி. இவை எல்லாவற்றையும் அந்தச் சின்னத் தீவு எங்கிருந்து கொடுக்கும்?

நான் ராணிப்பேட்டைக்காரன். பாலாற்றில் ஊற்று தோண்டிக் குடித்த தலைமுறை எங்கள் வீட்டில் இன்னும் இருக்கிறது. தோல் பதனிடும் தொழில் வந்தபோது யாரும் கெட்ட எண்ணத்தோடு வரவேற்கவில்லை. பிழைப்பு என்றுதான் வரவேற்றார்கள். பிழைப்பும் கிடைத்தது. கூடவே கிணறுகள் கெட்டன, வயல்கள் கெட்டன. எங்கள் ஊரில் குவிந்து கிடக்கும் குரோமியக் கழிவு இன்னும் அப்படியே கிடக்கிறது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்துக்குப் போய், 1996 ஆகஸ்ட் 28-ல் தீர்ப்பு வந்தது. கெடுத்தவரே ஈடு செய்ய வேண்டும். கெடுதல் வரும் என்ற நிலை இருந்தால் அறிவியல் உறுதி வரட்டும் என்று காத்திருக்காமல் தடுக்க வேண்டும். தன் தொழிலால் கேடில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு தொழில் நடத்துபவரையே சேரும். இந்த முன்னெச்சரிக்கைக் கொள்கை நம் நாட்டுச் சட்டத்தின் ஒரு பகுதி என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. இன்றும் எந்தச் சுற்றுச்சூழல் வழக்கானாலும் நம் ஊர்ப் பெயரைச் சொல்லித்தான் மேற்கோள் காட்டுகிறார்கள். அந்தப் பெயர் சட்டப் புத்தகத்தில் ஏறுவதற்கு நாம் ஒரு ஆற்றைக் கொடுத்திருக்கிறோம்.

ஆகவே லாலாஜி பே விஷயத்தில் "வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்ற பேச்சை வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டத்துக்காரர்கள் ஒருவரும் பேசக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. தண்ணீர் எங்கிருந்து வரும், கழிவு எங்கே போகும் என்பதற்குக் கட்டுபவர் முதலில் பதில் சொல்லட்டும். பவளத்தின் மேல் ஒரு முறை மண் கரைந்து படிந்தால் அதைத் துடைத்து எடுக்க முடியாது.

வாலாஜா மகன்

ஐயா, தீர்ப்பு பற்றி இவ்வளவு விவரம் எனக்குத் தெரிந்திருக்கவில்லை. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தீவில் இருப்பவர்கள் என்ன நினைக்கிறார்கள்? அவர்களைக் கேட்காமல் நாம் இங்கே உட்கார்ந்து வேண்டாம் என்பதும் சரியில்லை.

தோட்டப்பாளையம் விடுதி

நியாயமான கேள்வி. அந்தக் குடும்பத்தார் சொன்னதை அப்படியே சொல்கிறேன். லாங் ஐலண்ட் மரத் தொழிலை நம்பி வளர்ந்த ஊர். அங்கே ஒட்டுப்பலகைத் தொழிற்சாலை இருந்தது, அது மூடிவிட்டது. 2002-ல் தீவுக் காடுகளில் மரம் வெட்டுவதை உச்ச நீதிமன்றம் கட்டுப்படுத்திவிட்டது. இளைஞர்களில் பலர் போர்ட் பிளேருக்குப் போய்விட்டார்கள். "வேலை வேண்டும்தான், வேண்டாம் என்று யார் சொல்வார்கள்" என்றார் பெரியவர். ஆனால் அடுத்த வாக்கியமே, "முதலில் தவறாமல் வரும் கப்பலும், தங்கிப் பார்க்கும் டாக்டரும் கொடுக்கட்டும்" என்பதுதான். சிகிச்சைக்கு வேலூர் வரை வந்து போகும் குடும்பம் அப்படித்தானே பேசும். அவர் வீட்டு மருமகளுக்கு, ஊருக்குள்ளேயே பத்துப் பதினைந்து வீடுகள் ஆளுக்கு இரண்டு அறை விட்டுச் சமைத்துப் போட்டால் போதும், பணம் ஊரிலேயே நிற்கும் என்ற எண்ணம். இருவருமே கடற்கரையில் கட்டடம் எழுவதைப் பற்றி ஆவலாகப் பேசவில்லை.

இணையத் தொடர்பு மட்டும் நன்றாகிவிட்டது. 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து போட்ட கடலடிக் கேபிள் லாங் ஐலண்டையும் தொடுகிறது. ஊருக்குள் பேசலாம், காட்டு வழியில் சிக்னலை நம்ப வேண்டாம்.

உங்கள் அம்மாவுக்கும் ஒரு வழி இருக்கிறது தம்பி. டுங்கி என்று சொல்லும் சிறு மோட்டார் படகு உள்ளூரிலேயே கிடைக்கும். கடல் அமைதியாக இருக்கும் மாதத்தில், ஓதம் ஏறியிருக்கும் நேரமாகப் பார்த்துப் போனால் மணலுக்கு வெகு அருகில் விடுவார்கள், முழங்கால் தண்ணீரில் இறங்கி நடக்க வேண்டும். இரண்டு பேர் கைபிடித்தால் அவரால் நிச்சயம் முடியும். நடப்பதைவிடச் செலவு அதிகம். அந்தப் பணம் ஒரு மீனவர் வீட்டுக்குப் போகிறது. உயிர் காக்கும் சட்டை இருக்கிறதா என்று ஏறுவதற்கு முன்பே கேளுங்கள்.

கம்மவான்பேட்டை ஹவில்தார்

ஜனவரி முதல் ஏப்ரல் வரை கடல் நல்ல கடல். மே பாதியில் தென்மேற்குப் பருவம் தொடங்கிவிடும், அப்போது அம்மாவைப் படகில் ஏற்றும் எண்ணம் வேண்டாம்.

காட்பாடிக்காரன்

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. வீட்டில் மூன்று பேரும் சேர்ந்து உட்கார்ந்து முழுவதையும் படித்தோம். விமானத்தில் போய், கப்பலில் லாங் ஐலண்ட் போகப் பார்க்கிறோம். கப்பலுக்காக ஓரிரு நாள் காத்திருக்கவும் தயார். போகும்போது காட்டு வழி நடை, திரும்பும்போது டுங்கி என்று மகள் சொல்கிறாள். அப்படிச் செய்தால் இருட்டு பற்றிய கவலையும் குறையும்.

குப்பை பற்றி மட்டும் யாரும் எழுதவில்லையே. கொண்டுபோவதைத் திரும்பக் கொண்டுவந்துவிடுவோம். ஏற்கெனவே அங்கே ஒதுங்கியிருப்பதை என்ன செய்வது?

தோட்டப்பாளையம் விடுதி

நல்லதைக் கேட்டீர்கள். தாய்லாந்து, மியான்மர், இந்தோனேசியா எழுத்துகள் உள்ள பாட்டில்கள் அந்தமான் கரைகளில் ஒதுங்குகின்றன. நம் நாட்டுப் பாட்டிலும் இருக்கும். அத்தனையையும் ஒருவரால் அள்ள முடியாது. ஒரு சாக்குப் பை எடுத்துப் போங்கள், படகில் இடம் இருக்கும் அளவுக்கு நிரப்பி ஊருக்குள் கொண்டுவந்து எங்கே போடலாம் என்று கேட்டுப் போடுங்கள். மூடிகளையும் நைலான் வலைத் துண்டுகளையும் முதலில் எடுங்கள். சிப்பி கிடைக்காத நண்டு மூடிக்குள் புகுந்துகொள்கிறது, என் கண்ணால் பார்த்தேன். எடுப்பதற்கு முன் உள்ளே ஆள் இருக்கிறதா என்று திருப்பிப் பாருங்கள்.

அந்தக் குடும்பத்தாரிடம் பேசிவிட்டேன், ஒரு அறை தருகிறார்கள். வேண்டியதெல்லாம் ஆற்காடு மக்கன் பேடாதான், இங்கே இருந்தபோது பழகிய சுவை. கிளம்பும் நாள் காலையில் வாங்குங்கள். கப்பல் அட்டவணை வந்ததும் தேதியை இங்கேயே எழுதுங்கள், துறையில் யாராவது வந்து நிற்கச் சொல்கிறேன்.